நான்கு மாதத் தலைசுற்றலும் நான்கு நிமிடச் சிகிச்சையும்

2023 செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், படுக்கையில் வலப்பக்கமாகப் புரண்டேன். மின்சாரம் இல்லாததால் நின்றுபோயிருந்த மின்விசிறி என் கண்ணெதிரே சுழலத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து சுவரும் அலமாரியும் கட்டிலும் சுழன்றன. சிறு வயதில் கைகளை விரித்துத் தட்டாமாலை சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் தெரு எப்படி ஓடுமோ அப்படி ஓடியது; ஆனால் நான் படுத்திருந்தேன். கட்டில் சட்டத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு கண்களை இறுக மூடினேன். அது அரை நிமிடத்தில் அடங்கியிருக்கும். எனக்கோ அரை மணி நேரம் கழிந்தது போலிருந்தது. எழுந்து உட்கார முயன்றதும் மறுபடியும் சுழன்றது, வாந்தி வந்தது. குளியலறைக்கு உள்ள நான்கைந்து அடிகளைத் தவழ்ந்துதான் கடந்தேன்.

எனக்கு அப்போது 52 வயது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் திருமணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கைபேசி சமையலறையில் மின்னேற்றத்தில் கிடந்தது. அதை எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அன்றிலிருந்து கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன், தனியாக இருப்பவர்கள் அனைவரும் அவ்வாறே செய்யுங்கள். கீழ்வீட்டு அக்கா மேலேறி வந்து என் முகத்தைப் பார்த்துப் பயந்து, ஆட்டோ பிடித்து, அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பணியிலிருந்த மருத்துவர் என்ன செய்கிறது என்று கேட்டபோது, நான் வாய்க்கு வந்தபடி, "மயக்கமா வருது டாக்டர்" என்றேன்.

தமிழாசிரியையாக இருந்துகொண்டு நான் செய்த முதல் பிழை இந்தச் சொல்தான். நம் பேச்சில் மயக்கம் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். நினைவு தப்பி விழுவதும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், பசியில் தள்ளாடுவதும் மயக்கம், அறை சுழல்வதும் மயக்கம். மருத்துவரின் காதில் அந்தச் சொல் நினைவிழப்பாகவே விழுந்தது. உடனே இதயத் துடிப்புப் பதிவு எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றி ஓர் இரவு தங்கவைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்ததால், மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று எக்கோவும் எடுக்கச் சொன்னார்கள். ஒன்றைக் குறை கூறாமல் சொல்ல வேண்டும்: அந்த மருத்துவர் பேச்சுக் குழறுகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, ஒரு பக்கக் கை கால் தளர்கிறதா, இதுவரை வந்திராத கடும் தலைவலி உண்டா, காது திடீரென்று கேட்காமல் போயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அது முறையான கேள்வி வரிசை. இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது எதையும் பிடிக்காமல் நிற்கவே முடியாத அளவுக்குத் தள்ளாட்டம் இருந்தாலும், அது பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். அப்போது நான் இனி எழுதப்போகும் எதையும் படித்துக்கொண்டிருக்காமல் நேரே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எனக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்விகள் இரண்டு: எந்த அசைவில் வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது. நானும் அவற்றைச் சொல்ல வேண்டும் என்று அறியாதிருந்தேன்.

மாத்திரைச் சீட்டுடன் வீட்டுக்கு வந்தேன். தலைசுற்றலை அடக்கும் மாத்திரை ஒன்று, வாந்திக்கு ஒன்று, காதுக்குள் இரத்த ஓட்டத்திற்கு என்று ஒன்று. பகலெல்லாம் தூங்கி வழிந்தேன். படுக்கையில் புரளும்போதும், கொடியில் துணி உலர்த்த அண்ணாந்து பார்க்கும்போதும், கோலமிடக் குனியும்போதும் அது வந்துகொண்டே இருந்தது. வகுப்பில்தான் பெருந்துன்பம். கரும்பலகையின் மேல் வரியில் எழுத நிமிர்ந்தால் கால்கள் என்னுடையவையாக இல்லை. ஆகவே பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதத் தொடங்கினேன். கடைசி வரிசைப் பிள்ளைகள் தெரியவில்லை என்று எழுந்து நின்றார்கள். அவர்களிடம் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டிலும் தெருவிலும் எல்லாரும் பித்தம் என்றார்கள். இஞ்சிச் சாறும் தேனும், சீரகத் தண்ணீர், நெல்லிக்காய் என்று எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தேன். அவற்றால் கெடுதி ஒன்றுமில்லை, பயனும் இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவரிடம், போன முறை போல ஆகிவிடக் கூடாதென்று, "கழுத்தைத் திருப்பினால் வருகிறது" என்று விளக்கமாகச் சொன்னேன். கழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். படத்தில் எலும்புத் தேய்மானம் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? ஐம்பதைக் கடந்த பெரும்பாலோரின் கழுத்து எக்ஸ்ரேயில் ஓரளவு தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது இருப்பதாலேயே தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. இதை நான் அறிந்தது பின்னால்தான். அப்போது கழுத்துப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன், ஒரு பிசியோதெரபி நிலையத்தில் பத்து நாள்கள் கழுத்தை இழுக்கும் டிராக்ஷன் சிகிச்சை எடுத்தேன். அங்கே ஒவ்வொரு நாளும் மல்லாந்து படுக்கும்போதும் எழும்போதும் அறை சுழன்றது. அதைச் சொன்னபோது, "போகப் போகச் சரியாகிடும்மா" என்றார்கள். என்னைத் தினமும் படுக்க வைத்த அவர்கள் ஒரு நாளாவது நான் படுக்கும்போது என் கண்களைப் பார்த்திருந்தால், அன்றே முடிந்திருக்கும்.

கழுத்துப் பட்டையால் வேறொரு தீங்கு விளைந்தது. தலையை அசைத்தால் வருகிறது என்று அஞ்சித் தலையை அசைப்பதையே விட்டேன். யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் பொம்மை போலத் திருப்பினேன். மூன்று தலையணைகளை அடுக்கி, இடப்பக்கம் மட்டும் படுத்தேன். இரவில் தூக்கத்தில் புரண்டுவிடுவேனோ என்ற பயத்தில் தூக்கமே குறைந்தது. நவம்பரில் சகோதரி மகன் அனுப்பிய ஒரு காணொளியைப் பார்த்து, கட்டிலில் தலையணை வைத்து நானே தலையைத் திருப்பிப் பயிற்சி செய்தேன். காணொளியில் இருந்தவர் இடப்பக்கத்துக்குச் செய்து காட்டினார், என் கோளாறோ வலப்பக்கம். எந்தப் பக்கம் என்று கண்டறிந்த பின்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அன்று மாலை நான்கு முறை வாந்தி எடுத்தேன். காணொளிகள் பொய்யல்ல, ஆனால் எந்தக் காது, அதன் உட்செவியில் எந்தக் குழல் என்று தெரியாமல் அவற்றைப் பின்பற்றுவது, யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டில் நாம் மருந்து வாங்குவதைப் போன்றது.

டிசம்பரில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுப்பதற்கே என்னை இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. முடிவு சரியாக வந்ததும், "ஒண்ணுமில்லை, டென்ஷன்தான், இந்த வயசுல லேடீஸுக்கு வர்றதுதான்" என்ற பதில் கிடைத்தது. ஒன்றுமில்லை என்ற சொல் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது அழுதேன். ஒன்றுமில்லை என்றால் இதுவரை நான் நடித்தேனா என்ற எண்ணமே வந்தது. மகளிடமும் அதற்குப் பிறகு விவரமாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

வழி கிடைத்தது எங்கள் ஆசிரியர் அறையில். மாற்றுப் பணிக்கு வந்திருந்த கணித ஆசிரியை, தம் மாமியாருக்கும் இப்படித்தான் இருந்ததாகவும், மதுரையில் தலைசுற்றலுக்கென்றே பயிற்சி பெற்ற ஓர் இயன்முறை மருத்துவர் இருப்பதாகவும், இரண்டு தடவையில் குணமானதாகவும் சொன்னார். இயன்முறை சிகிச்சை என்றால் முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். தலைசுற்றலுக்குப் பிசியோதெரபியா என்று சிரித்தேன்கூட. பொங்கல் விடுமுறை முடிந்த ஒரு சனிக்கிழமை, கீழ்வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முன் இருக்கைக் கம்பியை விடாமல் பிடித்தபடி மதுரைக்குப் பேருந்தில் சென்றேன்.

அந்த இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண், அவருக்கு என் மகள் வயது இருக்கும். பழைய அறிக்கைகள் இருந்த கோப்பினை நீட்டினேன், வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, "ரிப்போர்ட் அப்புறம் பார்க்கலாம்மா. மயக்கம்னு சொல்லாம என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அறை சுழல்கிறதா, நீங்கள் சுழல்வது போலிருக்கிறதா, அல்லது படகில் நிற்பது போன்ற ஆட்டமா? விநாடிகளா, நிமிடங்களா, மணிக்கணக்கா? எந்தப் பக்கம் புரண்டால்? எழுந்து நிற்கும்போது மட்டும் வந்தால் அது இரத்த அழுத்தம் இறங்குவதாகவும் இருக்கலாம் என்றார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருமா? காதில் இரைச்சல், அடைப்பு உண்டா? ஒற்றைத் தலைவலி இருந்ததா? தலையில் அடிபட்டதா? கீழே விழுந்தீர்களா, எத்தனை முறை? என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாக? இந்தக் கேள்விகளுக்கே இருபது நிமிடம் ஆயிற்று. நான்கு மாதங்களில் யாரும் எனக்குக் கொடுக்காத இருபது நிமிடம் அது. விநாடிக் கணக்கில், புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வருகிறது என்று நான் சொன்னபோதே அவருக்குப் பாதி புரிந்துவிட்டதைப் பிறகுதான் உணர்ந்தேன். அதே அறிகுறி மணிக்கணக்கில் நீடித்துக் காது இரைச்சலுடன் வந்தால் வேறு நோய், நாள்கணக்கில் விடாமல் சுழன்றால் இன்னொரு நோய். நேரமும் அசைவும் சொன்னால் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. நீங்கள் யாரைப் பார்க்கச் சென்றாலும், அதற்கு முன் ஒரு வாரம் ஒரு தாளில் இந்த இரண்டையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம். கடைவீதியில் நடந்தால் கூடுகிறதா, இருட்டில் வீட்டுக்குள் நடக்கத் தயக்கமா, இதனால் பிறர் முன் கூச்சமா என்பன போன்றவை. ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0, மொத்தம் 100. எனக்கு 58 வந்தது. கூச்சமா என்ற கேள்விக்கு ஆம் என்று குறித்தபோது பலகையின் கீழ்ப்பாதி நினைவுக்கு வந்தது.

பிறகு உடல் சோதனை. படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்த்தார். அவர் விரலை என் கண்கள் பின்தொடர்கின்றனவா, துள்ளுகின்றனவா என்று பார்த்தார். தம் மூக்கின் நுனியையே நோக்கச் சொல்லி, என் தலையை இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று சிறிதளவு திருப்பினார். தலை திரும்பினாலும் பார்வை மூக்கிலேயே நின்றால் உட்செவிக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு நன்றாக வேலை செய்கிறதாம், எனக்கு நின்றது. பாதங்களைச் சேர்த்து, கண்களை மூடி நிற்கச் சொன்னார், நின்றேன். பஞ்சு மெத்தைத் துண்டின் மேல் அதையே செய்யச் சொன்னபோது மூன்றே விநாடியில் சாய்ந்தேன். அவர் கை ஏற்கெனவே என் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தது. நடந்துகொண்டே தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னபோது, நேர்கோட்டை விட்டு விலகிச் சுவரை நோக்கிச் சென்றேன்.

கடைசியாகக் கட்டில். அதற்கு முன் என் கழுத்து எவ்வளவு திரும்புகிறது, கையில் மரத்துப்போதல் உண்டா, முதுகில் அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா என்றெல்லாம் கேட்டு உறுதி செய்துகொண்டார். கழுத்தில் உண்மையிலேயே கடும் கோளாறு உள்ளவர்களுக்கு இதையே பக்கவாட்டில் படுக்க வைத்துச் செய்ய வழி உண்டு. என்னைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, "சுத்தும். நான் புடிச்சிருக்கேன். கண்ணை மட்டும் மூடாதீங்கம்மா" என்று சொல்லி, விரைவாக மல்லாக்கப் படுக்கவைத்தார், என் தலை கட்டிலின் விளிம்புக்கு அப்பால் சிறிது தாழ்ந்து அவர் கைகளில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுமளவுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு உலகம் புரண்டது. நான் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறேன், நகம் பட்ட தடம் பிறகு தெரிந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, "ஆத்தாடி, கண்ணு பம்பரமா சுத்துதே" என்று அலறியது எங்கோ தொலைவில் கேட்டது. இருபது விநாடிகளில் தானாக அடங்கியது. இடப்பக்கம் செய்தபோது ஒன்றும் இல்லை.

அவர் இதைக் கைபேசியில் படம் பிடித்திருந்தார். என் கண்களை எனக்கே காட்டினார். கருவிழிகள் மேல்நோக்கி வெட்டி, வலக்காதை நோக்கி முறுக்கிக்கொண்டு துடித்தன. நிஸ்டாக்மஸ் என்றார். நடித்துக் கொண்டுவர முடியாத ஒன்று அது. நான்கு மாதமாக டென்ஷன் என்றும் பித்தம் என்றும் வயது என்றும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பதினைந்து விநாடிப் படம் எம்.ஆர்.ஐ. படத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதை வாங்கி மகளுக்கு அனுப்பினேன்.

அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உட்செவியில் ஒரு சிறு பையில், கூழ் போன்ற படலத்தின் மேல், நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. வயதாலோ அடிபட்டதாலோ பல நேரம் காரணமே தெரியாமலோ, அவற்றில் சில கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழல்கள் மூன்றில் ஒன்றுக்குள், பெரும்பாலும் பின்புறக் குழலுக்குள், விழுந்துவிடுகின்றன. தலையைச் சாய்க்கும்போது, குடத்து நீரில் மண் இறங்குவதைப் போல, துகள்கள் குழலின் நீரில் இறங்கி நீரையும் இழுக்கின்றன. தலை சுழல்கிறது என்று காது மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறது. துகள்கள் நகரத் தொடங்கச் சில விநாடிகள் ஆவதால்தான் அந்தத் தாமதம். அவை அடியில் படிந்ததும் சுழற்சி நின்றுவிடுகிறது. கால்சியம் கார்பனேட் என்றால் சுண்ணாம்பு வகைதானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். தட்டாமாலை தாமரைப்பூ, சுற்றிச் சுற்றிச் சுண்ணாம்பு என்று பாடிச் சுற்றியது நினைவுக்கு வந்து, நான்கு மாதத்தில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்துபோகும், உயிருக்கு ஆபத்தில்லாத தலைசுற்றல் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, இந்த நோயை பிபிபிவி என்கிறார்கள். பெண்களுக்கும் ஐம்பதைக் கடந்தவர்களுக்கும் கூடுதலாக வருவது. எனக்குச் செய்த சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இலேயே விளக்கி எழுதிவிட்டார்கள். அதற்குத் தேவைப்படுவது ஒரு கட்டிலும் பயிற்சி பெற்ற இரண்டு கைகளும் இரண்டு நிமிடமும் மட்டுமே என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

சிகிச்சை அதே கட்டிலில் தொடர்ந்தது. துகள்கள் எந்தக் குழலில் இருக்கின்றன என்று தெரிந்ததால், அவற்றை வந்த வழியே உருட்டித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. வலப்பக்கம் தலை தாழ்ந்த நிலையில் ஒரு நிமிடம். தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி ஒரு நிமிடம். உடம்பையும் இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்க ஒரு நிமிடம். பிறகு அப்படியே எழுப்பி உட்காரவைத்தல். மூன்றாம் நிலையில் சற்றே சுழன்றது, அது நல்ல அறிகுறி என்றார். அமெரிக்காவின் போர்ட்லந்து நகரத்து ஜான் எப்லி என்ற மருத்துவர் வகுத்த முறை இது. இவ்வளவு எளிதாகக் குணப்படுத்த முடியுமா என்று சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் நம்ப மறுத்தார்களாம். 1992இல்தான் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்தபோது என் கண்கள் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் இன்னொரு முறை செய்து அனுப்பினார். பழைய வழக்கப்படி இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டுமா என்று கேட்டேன், வேண்டியதில்லை, இயல்பாகப் படுக்கலாம் என்றார். கழுத்துப் பட்டையை மதுரைப் பேருந்து நிலையத்திலேயே கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைத்ததுதான் என் அடுத்த தவறு. மறுவாரம் போனபோது சுழற்சி அறவே இல்லை. ஆனால் தரை மெத்தென்று இருப்பது போன்ற ஓர் ஆட்டம் இருந்தது. கடைவீதிக் கூட்டத்தில் கால் தயங்கியது. துகள்கள் திரும்பிய பிறகும் சிலருக்கு இது சில நாள்களோ வாரங்களோ இருக்கும் என்றார். எனக்குக் கூடுதலாக வேறு காரணங்களும் இருந்தன. நாம் விழாமல் நிற்பது கண், பாதமும் மூட்டுகளும், உட்செவி என்ற மூன்றும் தரும் செய்திகளை மூளை ஒத்துப்பார்ப்பதால். நான்கு மாதம் தலையை அசைக்காமல் இருந்து, உட்செவியின் செய்தியை மூளை நம்பாதபடி நானே பழக்கிவிட்டேன். தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளும் அவசரத்திற்குச் சில நாள்களுக்கானவை. மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதைத் தடுக்கக்கூடும், வயதானவர்களுக்கு அவற்றில் சில கைநடுக்கமும் உடல் இறுக்கமும்கூடக் கொண்டுவரும். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது தம் வேலையல்ல என்று, என் மருத்துவருக்குக் கண்டறிந்ததை எழுதி ஒரு கடிதம் கொடுத்தார். மருத்துவர் படித்துவிட்டுப் படிப்படியாக நிறுத்தினார். வைட்டமின் டி அளவையும் பார்த்து, மிகக் குறைவாக இருந்ததால் அதற்கு மருந்து கொடுத்தார். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்தால் இந்நோய் திரும்ப வருவது குறைகிறது என்று 2020இல் வெளியான கொரிய ஆய்வொன்று காட்டியிருக்கிறது.

எட்டு வாரம் வீட்டில் பயிற்சி செய்தேன். அதன் அலுப்பை மறைக்க விரும்பவில்லை. ஓர் அட்டையில் "க" என்று எழுதிக் கண்மட்டத்தில் சுவரில் ஒட்டி, எழுத்து மங்காமல் தெரியும் வேகத்தில் தலையை இடம் வலமாக ஒரு நிமிடம், மேலும் கீழுமாக ஒரு நிமிடம் ஆட்ட வேண்டும்; ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வாரம் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு கட்டம் போட்ட போர்வையை எழுத்துக்குப் பின்னால் தொங்கவிட்டு. சமையலறை மூலையில், விழுந்தால் இரு சுவர்களும் தாங்கும்படி, மடித்த மெத்தையின் மேல் கண்மூடி நின்றேன். தரை ஓட்டின் கோட்டின் மீது குதிகாலும் பெருவிரலும் தொட நடந்தேன். எந்த அசைவுக்கு அஞ்சினேனோ அதையே, வலப்பக்கம் புரள்வதையே, நாள்தோறும் ஐந்து முறை செய்யச் சொன்னார். பயிற்சியின்போது லேசான தலைசுற்றல் வரத்தான் செய்யும், அது சில நிமிடங்களில் அடங்கினால் அளவு சரி. ஒரு மணி நேரம் கழித்தும் அடங்காவிட்டால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த அளவுகோலைச் சொல்லாமல் பயிற்சியை மட்டும் தாளில் அச்சடித்துக் கொடுப்பவர்களிடம் மறுபடியும் கேளுங்கள். ஐந்தாம் வாரம் சலித்துப்போய் நான்கு நாள் விட்டேன், ஆட்டம் கூடியதை உணர்ந்து தொடர்ந்தேன். மார்ச் இறுதியில் அதே 25 கேள்விப் படிவத்தில் 14 வந்தது. பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பில் பலகையின் மேல் வரியில் தேதி எழுதினேன்.

செலவை மறைக்காமல் எழுதுகிறேன். மருத்துவமனையில் ஓர் இரவு 9,400 ரூபாய், எக்கோ 1,800, எம்.ஆர்.ஐ. 7,500, கழுத்து எக்ஸ்ரே 600, பட்டை 450, டிராக்ஷன் 3,500, நான்கு மாத மாத்திரை 4,400, ஆறு முறை மருத்துவர் கட்டணம் 3,000, ஆட்டோவுக்கு ஏறத்தாழ 2,500. ஆக 33,150 ரூபாய். இதனுடன் 14 நாள் சம்பளப் பிடித்தம். மதுரையில் முதல் நாள் 600, பிறகு ஏழு முறை 400 வீதம், மொத்தம் 3,400 ரூபாய். எல்லாச் செலவும் வீண் என்று சொல்லமாட்டேன். முதல் நாள் இதயத்தையும் சர்க்கரையையும் பார்த்தது தேவையே. மற்றவற்றில் பெரும்பகுதி, அந்த இரண்டு நிமிடச் சோதனையை யாரும் செய்யாததற்கு நான் கட்டிய தண்டம்.

இயன்முறை நிலையம் என்று பலகை இருக்கும் இடமெல்லாம் இதைச் செய்வதில்லை, எனக்குக் கழுத்தை இழுத்ததும் ஓர் இயன்முறை நிலையம்தான். ஆகவே போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள்: தலைசுற்றலுக்குப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா, டிக்ஸ் ஹால்பைக் சோதனையும் எப்லி முறையும் செய்வாரா, பக்கவாட்டுக் குழலில் கோளாறு இருந்தால் அதற்கான உருட்டும் முறையும் தெரியுமா. தயங்காமல் ஆம் என்று பதில் வந்தால் செல்லலாம். காது மூக்குத் தொண்டை மருத்துவர்களிலும் நரம்பியல் மருத்துவர்களிலும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். போகும் நாளில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், தலைசுற்றல் மாத்திரை கண்ணின் துடிப்பை மறைத்துவிடக்கூடும் என்பதால் அன்று காலை அதை எடுக்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது உங்களுக்குச் சுழலும்போது கண்களைக் கைபேசியில் படம் பிடிக்க முடிந்தால், அது எந்த விளக்கத்தையும்விட மேலானது.

திரும்ப வரலாம் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். வந்தது. 2024 அக்டோபரில் ஒரு விடியற்காலை, இம்முறை இடப்பக்கம் புரண்டபோது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்களைத் திறந்தபடியே, அலமாரிக் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். பதினெட்டில் நின்றது. தலைமாட்டில் இருந்த கைபேசியை எடுத்து, "இடப்பக்கம், பதினெட்டு விநாடி, பேச்சும் பார்வையும் சரியாக இருக்கின்றன" என்று மதுரைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பால்காரர் மணியடிக்கும்வரை வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தேன். மறுநாள் 400 ரூபாயும் பேருந்துக் கட்டணமும் ஆயின. திங்கட்கிழமை வகுப்புக்குச் சென்றேன்.